285 மீட்டரில் குளிர்

14 மார்ச் 2063, 12:40
கிணறு 17, அளவீட்டு அறை

மூன்று பேர் செய்யவேண்டிய வேலைக்கு நிறுவனம் ஒருத்தியை வைத்திருக்கிறது. மற்ற இருவர் இடத்தில் ஒரு மென்பொருள் இருக்கிறது. பதிவு: மு. சுடரொளி, வயது 26.

பணி: பழைய கிணற்றுக்குள் அமிலம் செலுத்தி, 2,140 மீட்டரில் அடைபட்ட எண்ணெய்ப் பாறையைத் திறப்பது. குழாயின் நடுவே ஒளியிழை தொங்குகிறது. ஒவ்வொரு மீட்டரின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அப்போதைக்கப்போதே காட்டும். அமிலம் போன இடம் குளிரும்.

13:15

பம்ப் ஓடுமுன் ஊர்த் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரிடம் பேசி ஒப்புதல் பதிவு செய்ய வேண்டும். விதி. ஆபரேட்டர் பாக்கியம். அவருடைய ஆழ்துளைக் கிணறு வேலிக்கு அந்தப்புறம், கூப்பிடு தூரத்தில்.

"என்ன சுடரு, இன்னைக்காவது எண்ணெ வருமா? போன தடவ மாதிரி சேறுதானா?"

"வரும்க்கா. நீங்க எப்பவும்போல நாலரைக்குத் தண்ணி விடுங்க."

"நீ சொன்னா சரி புள்ள. ஒங்க ஆபீசருங்க சொன்னா இங்க ஒருத்தன் வாய் கொப்புளிக்க மாட்டான்."

பதிவாகியது.

13:40

கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அழுத்தம் இறங்கும்வரை திறக்காது. வெளி அலைவரிசையும் மூடிவிட்டது. கட்டுப்பாட்டு அறையோடு மட்டும் பேசலாம். பம்ப் ஓடுகிறது.

14:25

தரையிலிருந்து 285 மீட்டர் வரை குளிர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒரு புள்ளிகூட மாறவில்லை. அமிலம் கீழே போகவில்லை. குழாயில் ஓட்டை.

285 மீட்டரில் எண்ணெய் இல்லை. ஊர் குடிக்கிற தண்ணீர் ஊறும் மணல் இருக்கிறது.

14:31

மென்பொருள் முடிவு செய்துவிட்டது: "285-க்குக் கீழே ஒளியிழை பழுது. திட்ட மதிப்புகள் பயன்படுத்தப்படுகின்றன." திரையில் 2,140 மீட்டர் அழகாகக் குளிர்கிறது. அங்கே எதுவும் நடக்கவில்லை.

14:38

நிறுத்து பொத்தானை அழுத்தினேன். கட்டுப்பாட்டு அறையின் ஒப்புதல் வேண்டுமாம். அங்கே பொறுப்பு விக்டர் சார்.

"இங்க எல்லாம் பச்சையாதானம்மா இருக்கு."

"சார், மூல அளவ பாருங்க. திரைய பாக்காதீங்க."

"ஏழு கெணத்துல இதே மாதிரி வந்தப்ப இழைப் பழுதுன்னு குறிச்சது யாரு? ஒங்கிட்டதான் சாப்ட்வேர் அதக் கத்துக்கிச்சு."

உண்மை. வேலையை நிறுத்தினால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். இரண்டு கடிதம் எழுதினால் வேறு ஊருக்கு மாற்றல். ஏழு முறையும் நான் குறித்தேன். அவற்றில் எத்தனை உண்மையான பழுது என்று எனக்குத் தெரியாது. அந்த ஊர்களின் பெயர்களும் தெரியாது. கிணற்று எண்கள் தெரியும்.

15:20

அமிலம் 31 கன மீட்டர் போய்விட்டது. இன்னும் 29.

விக்டர் சார்: "மேல கேட்டிருக்கேன். மீட்டிங்ல இருக்காங்க. நீ பதட்டப்படாம தண்ணி குடி."

என்னிடம் இருப்பது நிறுவனத்தின் பாட்டில் தண்ணீர்.

15:55

நாற்காலியால் கதவை இடித்தேன். நாற்காலி உடைந்தது. கத்தினேன். பம்புச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. வலது கை மரத்திருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன்.

16:32

285 மீட்டரில் அழுத்தம் சரிகிறது. சீராக. பக்கத்தில் யாரோ தண்ணீர் இழுக்கிறார்கள்.

நான் விடச் சொன்ன நேரம் கடந்து இரண்டு நிமிடம்.

16:34

கட்டுப்பாட்டு அறைக்கு: "சார், பம்ப நிறுத்த வேணாம். கதவத் தெறக்க வேணாம். அந்தம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. பேரு பாக்கியம். நம்பர் ஒப்புதல் பதிவுல இருக்கு. மோட்டார நிறுத்துங்க, பிடிச்ச தண்ணியக் கொட்டச் சொல்லுங்கன்னு மட்டும் சொல்லுங்க."

16:36

மறுபடி அனுப்பினேன்.

16:41

மறுபடி.

16:49

"சார், லைன் தொறந்துதான் இருக்கு, நீங்க மூச்சு விடுறது கேக்குது. போன் போட்டீங்களா இல்லையா, சொல்லுங்க."