பேனரின் இன்னொரு ஓரம்

என் தங்க மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம், வேளைக்குச் சமைக்கிறேன், அவர் சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு எழுந்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு நினைவுக் கூட்டம். டயர் ஃபேக்டரி வாசலில், அவன் விழுந்த இடத்திலேயே மேடை போட்டு, சுவர் முழுக்க அவன் படத்தை ஒட்டி, கீழே தியாகி என்று எழுதியிருந்தார்கள். அலாரம் அடித்தாலும் எழாத சோம்பேறி, படத்தில் ஊரையே எழுப்ப வந்தவன் மாதிரி நிற்கிறான். உன் கல்யாணத்தில் எடுத்த போட்டோ அது, பக்கத்தில் நின்ற உன்னை வெட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. ஆட்குறைப்பை எதிர்த்து ஊர்வலம், அப்பா சங்கச் செயலாளர், முன்வரிசையில் பேனர் பிடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த தம்பியை அப்பாதான் எழுப்பினார். "எந்திரிடா, ஒரு ஓரத்தப் பிடிச்சுக்கிட்டு நில்லு, அது போதும்" என்றார். லேத் பட்டறைக்காரனுக்கும் டயர் ஃபேக்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே, முகம்கூடக் கழுவாமல் போனான். இன்னொரு ஓரம் அப்பா கையில். போலீஸ் சுட்டபோது பேனர் ஒரு பக்கம் தாழ்ந்ததாம், இழுத்துப் பிடிடா என்று திரும்பிப் பார்க்காமலே அதட்டினாராம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

ஆறுதல் சொல்ல வந்த மதகுரு, கடவுள் கேட்டதும் பெற்ற மகனையே பலிகொடுக்கத் துணிந்த ஒரு தகப்பனின் கதையைச் சொன்னார். அங்கே கடைசி நேரத்தில் கடவுளே தடுத்துவிட்டாராமே, எங்கள் வீட்டுக்காரர் கையை மட்டும் ஏன் யாரும் பிடிக்கவில்லை என்று கேட்டேன். காபி ஆறுகிறது என்று கோப்பையை எடுத்துக்கொண்டார். கல்லூரியில் தத்துவம் நடத்துகிற உன் மாமாவோ, தன் உயிரைத் தானே கொடுத்தால்தான் தியாகம், அடுத்தவன் உயிரைக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்றார். நியாயம்தான், ஆனால் அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்தில் அப்பா மைக் முன்னால் நின்று, "எம் பையன் தானாத்தான் வந்தான். இந்தப் போராட்டத்துக்கு அவனக் குடுத்துட்டேன்" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. கட்சித் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவர் பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில் பத்திரமாகப் படிக்கின்றன. ஆட்குறைப்பும் நடந்தது நடந்ததுதான். பொய் என்று எழுந்து கத்த எனக்கு வாய்வரைக்கும் வந்தது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "நான் பேசுனது சரிதானே, அவன் தானாத்தானே வந்தான்?" என்று என்னைக் கேட்டார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "ஆமாங்க, தானாத்தான் வந்தான்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை போன பிறகு அவனைப் பற்றிய உண்மை ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

குழந்தையைக் குளிரில் வெளியே தூக்கிப் போகாதே. உனக்குக் கோபம் வந்தாலும் மாப்பிள்ளையிடம் சாப்பாட்டு நேரத்தில் காட்டாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், இனிமேல் நான் கேட்டுக்கொள்ள வேறு எதுவும் இல்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. முதல் நாள் சாயங்காலம் தம்பி உனக்குப் போன் பண்ணி, நாளைக்கு எங்கேயும் போகாமல் நன்றாகத் தூங்கப்போகிறேன் என்று சொன்னானாமே, அதை அப்பாவிடம் எந்தக் காலத்திலும் சொல்லிவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா