ஆறரை மணிக்கு ஓணான் வராது

அனுப்புநர்:
சலவைக்காரம்மாவின் மகள்,
கடலோர விடுதி, பின்கட்டு.

பெறுநர்:
வன அலுவலர் அவர்கள்,
கடலோரப் பிரிவு அலுவலகம்.

பொருள்: விடுதிக்குப் பின்னுள்ள மணல்மேட்டில் மறு ஆய்வு கோரி மூன்றாம் முறையாக மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. விடுதிப் படுக்கை விரிப்புகளை அந்த மணல்மேட்டருகே காயப்போடுவது என் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதிலிருந்து இரண்டு வருடமாக அங்கு மணலில் வளை தோண்டி வாழும் ஓணான்களைப் பார்த்து நோட்டில் குறித்து வருகிறேன். நேற்று வரை பதினேழு. அதில் ஒன்றுக்கு வால் பாதிதான்.

2. வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று விடுதிக்காரர்கள் வரும் திங்கட்கிழமை மேட்டை இயந்திரம் வைத்துச் சமன் செய்யப் போகிறார்கள். இப்போது மணலுக்குள் முட்டைகள் இருக்கின்றன. என் முதல் மனுவுக்கு, "கள ஆய்வில் உயிரினம் எதுவும் காணப்படவில்லை" என்று பதில் வந்தது. இரண்டாம் மனுவுக்கும் அதே பதில். தேதி மட்டும் புதிது.

3. அந்த ஆய்வை நான் பார்த்தேன். தங்கள் ஆய்வாளர் காலை ஆறரை மணிக்கு வந்தார். கடலிலிருந்து வந்த பனிமூட்டத்தில் அவருடைய ஜீப்பே அவருக்குத் தெரிந்திருக்காது. மணல் சுட்டால்தான் ஓணான் வளையை விட்டு வரும். வெயில் படாமல் வேலையை முடிக்க வந்தவர், வெயிலுக்காகவே காத்திருக்கும் ஒன்றை எப்படிப் பார்ப்பார்?

பத்து மணிக்கு மேல் வரச் சொல்லத்தான் போனேன். கொடியில் போட்டிருந்த விரிப்புக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. வாய் திறக்காதது என் தவறு. ஆறரை மணிக்கு வந்தது யார் தவறு என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

4. போன மனுவை நேரில் கொடுத்தபோது தங்கள் எழுத்தர், "பாப்பா, ஓணானுக்கு மனு போட்ட மொத ஆளு நீதான். மனுசங்க குடுத்ததே இங்க தூங்குது," என்றார். அறையே சிரித்தது. வீட்டில் அம்மா, "வாய்தான் உனக்கு வராது, கைக்கென்ன கேடு? மறுபடி எழுதுடி," என்றார். எழுதுகிறேன்.

5. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள், வெயில் அடிக்கும் ஒரு நாளில், பதினொரு மணிக்கு ஐயா நேரில் வர வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டாம். தங்கள் நிழல் வளைகள் மேல் விழாமல் கால் மணி நேரம் அசையாமல் நின்றால் போதும். சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அவை நிற்பதைப் பார்க்கலாம். அப்படியும் ஒன்றுகூடத் தென்படாவிட்டால், திங்கட்கிழமை அந்த இயந்திரத்துக்கு நானே முன்னால் நடந்து வழி காட்டுகிறேன்.

பதிலுக்கு அல்ல, தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)

தேதி: 11, புதன்கிழமை
இடம்: விடுதி, துணி காயப்போடும் முற்றம்