மாடி வாடகையில் மீதிப் பாதி

அன்பு மகளுக்கு,

மாடியில் குடியிருந்த கண்ணாடிக்காரர் ஏழு மாத வாடகையும் கரண்ட் பில்லும் கொடுக்காமல், சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துகொண்டு போனார், அது முதல் குற்றம். கூட இன்னொருவர் இருந்ததை என்னிடம் மறைத்தார், அது இரண்டாவது குற்றம். இதை முதலில் எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோய் இல்லை.

பாதிப் பணம்தான் வந்துவிட்டதே, இன்னும் என்னப்பா என்று போனில் கேட்டாய், அம்மாவும் அதையேதான் பாடுகிறாள். அந்தப் பாதி எப்படி வந்தது என்று அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை, அதனால் இந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் போனில் உளறிவிடாதே. போன மாதம் இரண்டு பஸ் மாறி, அவர் புதிதாக மூக்குக்கண்ணாடிக் கடை போட்டிருக்கும் ஊருக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஓடுவார் என்று நினைத்தால், ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "வாங்க சார், வருவீங்கன்னு எடுத்து வச்சிருக்கேன்" என்று ஒரு கவரைக் கொடுத்தார். எண்ணினால் சரியாகப் பாதி. மீதி எங்கே என்றதும் நான் எழுதிய ஒப்பந்தத்தையே விரித்து ஒன்பதாவது ஷரத்தில் விரலை வைக்கிறார். வக்கீல் எதற்கு என்று நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்து நானே எழுதியது, உடன் தங்குபவர் எவராயினும் வாடகையிலும் செலவிலும் பாதிக்கு அவரே பொறுப்பு என்று. சொல்லாமல் ஆள் சேர்ப்பவர்களை மடக்கத்தான் அப்படி எழுதினேன். "என் பங்கு இது சார், அவரு பங்கை அவருகிட்ட கேளுங்க" என்கிறார். யாரய்யா அவர், எங்கே இருக்கிறார் என்றேன். "எங்க போவாரு, அங்கதான் இருக்காரு. நான் குடிவரும்போதே இருந்தாரு. முதல் ஒரு வருஷம் உங்க ஆளுன்னுதான் நினைச்சேன்" என்றார். கதை விடுகிறீரா என்று சத்தம் போட்டேன். "ஏமாத்துக்காரன்னு சொல்லுங்க, வாங்கிக்கிறேன். தனியா இருந்தேன்னு மட்டும் எழுதிக் கேக்காதீங்க, கையெழுத்து போட மாட்டேன்" என்றபோது அவர் கையிலிருந்த சின்னத் திருகாணி கீழே விழுந்தது, குனிந்து தேடக்கூட இல்லை. யார் முதலில் வந்தால் என்ன, என்னிடம் சொல்லாதது குற்றம்தான்.

திரும்பி வந்து பகல் பதினொரு மணிக்கு மாடியைத் திறந்து பார்த்தேன். அவருக்கு ஒரே கட்டில்தான், அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தரையில் கட்டில் கிடந்த இடம் இரண்டு இருக்கிறது. ஒன்றில் மூன்று மாதத் தூசி, மற்றதில் விரலால் தேய்த்துப் பார்த்தேன், துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. மாடிக்கான ஃபியூஸை என்றைக்கோ பிடுங்கி என் மேஜைக்குள் வைத்துவிட்டேன், மீட்டர் ஓடுகிறது. எலக்ட்ரீஷியன் வந்து ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, "இது என் வேலை இல்ல சார், கூலி வேணாம்" என்று போனவர், ஏணியை எடுக்கக்கூட வரவில்லை. கண்ணாடிக்காரர் இருந்தபோது தினம் நான்கு யூனிட் ஓடும், இப்போது இரண்டு. பாதி என்று அவர் சொன்னதில் தப்பில்லை.

வேறு வழியில்லாமல் வக்கீலைப் பார்த்தேன். "மாடி காலின்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து போடுங்க, மொத்தத்தையும் அந்த ஆள்கிட்டயே கறந்துடலாம்" என்கிறார், மனுப் போட மாதக் கடைசியோடு கெடு முடிகிறதாம். காலி என்று நான் எப்படி எழுதுவேன், இந்த வயதுவரை பொய்க்குக் கீழே என் பெயரைப் போட்டதில்லை. நீயோ இருபதாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்கிறாய். குடியிருப்பவரை உள்ளே வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்காரனாவது பூட்டுவானா?

அப்பா வரவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பட்டினி கிடக்காதே. உங்கள் வீட்டு வாடகைக்கு மாதாமாதம் ரசீது வாங்கச் சொன்னேன் என்று மாப்பிள்ளையிடம் சொல். எங்கே இருந்தாலும் நீங்கள் இருவரும் நிம்மதியாக, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஆக வேண்டியவை இவைதான், மறக்காதே. நீ என் டிக்கெட்டை ரத்து செய்துவிடு, அம்மாவுடையதை ரத்து செய்யாதே, ஏர்போர்ட்டுக்கு நீயே வந்து அவளைக் கூட்டிக்கொள். அதுவரை சித்தி தன் வீட்டில் அவளை வைத்துக்கொள்ள வேண்டும், பேசிவிட்டேன். வக்கீல் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். எலக்ட்ரீஷியன் தன் ஏணியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நான் செவ்வாய் காலை பத்து மணிக்கு பாக்கி நோட்டீஸோடு மாடிக்குப் போய், நேரில் கொடுத்து, கையெழுத்து வாங்கும்வரை கீழே இறங்குவதாக இல்லை. பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன், அதை எழுத வேண்டியவர் அவர்.

இப்படிக்கு,
உன் அப்பா