தவளைக் காடிக்கு வக்காலத்து

மச்சான்,

கார் கொட்டகையில் உன் காடியின் மேல் கிடந்த தார்ப்பாயைப் போன மாதம்தான் இழுத்தேன். விற்பதற்குப் படம் எடுக்க வேண்டும் என்று உன் மகள் ஷாமினி சொல்லியிருந்தாள். எலிப் புழுக்கையும் பழைய சூடமும் கலந்து ஒரு வாசனை கிளம்பியது பார், நம் ஊர் புக்கிட் செலம்பாவ் முழுக்க மூக்கைப் பொத்தியிருக்கும். தூசி அடங்கியதும் அந்த மூஞ்சி என்னைப் பார்த்தது. மேலே இரண்டு கண், கீழே இரண்டு கண். நீ போய் ஒரு வருடம் ஆகியும் அதன் முறைப்பு மட்டும் குறையவில்லை.

நான் அந்தத் தவளைக்கு ஜென்ம எதிரி என்பது கெடா மாநிலமே அறிந்த செய்தி. ஊரில் எல்லாரும் பெட்டி பெட்டியாக எஸ்யூவி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், நீ மட்டும் சுங்கை பட்டாணிக்குப் போய், குட்டையாக, முதுகு கூனி, பின்பக்கம் புடைத்து, பாயப் போகிற தவளை மாதிரி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தாய். அதைப் பார்க்கத் தைப்பூசத்துக்குக்கூட வராத கூட்டம் வந்தது. பின் கதவுக்குக் கைப்பிடியே வைக்க மறந்துவிட்டார்கள் என்று நான் அறிவித்தேன். அது கண்ணாடி ஓரத்தில் ஒளிந்திருந்தது. சாமான் வைக்கிற இடமோ, ஒரு பலாப்பழத்தை வைத்தால் இன்னொன்றை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பூசை போட வந்த பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு திகைத்து நின்றார்.

"எந்தக் கண்ணுக்கு மேலப்பா பொட்டு வைக்கிறது?"

"நாலுக்கும் வைங்க சாமி. அப்படியே ரெண்டு மூக்குக் கண்ணாடியும் மாட்டி விட்டுருங்க," என்றேன் நான்.

உனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம். பாதி ஆயுளைக் கூலிம் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் ஷிப்டுக்குப் போயே கழித்தவன் நீ. கியர் இருக்கும் மேடு மோட்டார் சைக்கிள் எண்ணெய்த் தாங்கி மாதிரி வளைந்திருக்கிறது என்று அதைத் தடவிக் கொடுத்தபடி சொன்னாய்:

"சிரிக்காத மச்சான். நீ வெளிய நின்னு பாக்குற. இது உள்ள உக்காந்து பாக்கறதுக்குன்னு செஞ்ச மூஞ்சி லா."

உள்ளே உட்கார்ந்தால் மூஞ்சி எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சிரிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

பிறகு அதே வண்டியின் இரண்டாவது தலைமுறை வந்தது. நம் நாட்டுக்கு அது வரவில்லை. இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் ஷாமினி அங்கே ஒன்று வாங்கினாள். நீயும் என் தங்கை சரசுவும் அவளைப் பார்க்கப் போனபோது அதில் சுற்றினீர்கள். சரசு திரும்பி வந்து ராணியைப் பற்றியோ பனியைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின் சீட்டில் கால் நீட்ட முடிகிறது, பின்னால் நாலு பெட்டி போகிறது என்றாள். படத்தில் நானும் பார்த்தேன். நீளம் கூடி, அகலம் கூடி, கூன் நிமிர்ந்து, தவளைக்குக் கல்யாணக் களை வந்திருந்தது. வட்டக் கண் அப்படியே இருந்தது. மேலே புடைத்திருந்த விளக்கு மட்டும் கீழே இறங்கி, மெல்லிய கோடாகிவிட்டது. கடைசியில் கம்பெனிக்காரனே என் கட்சிக்கு வந்துவிட்டான் என்று கோப்பிக் கடையில் எல்லாருக்கும் என் செலவில் தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன்.

நீ மட்டும் உதட்டைப் பிதுக்கினாய்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மச்சான். உள்ள இருந்து பாத்தா மூஞ்சியக் காணோம்."

அதன்பின் ஒரு மத்தியானத் தூக்கத்தில் நீ போய்விட்டாய். தார்ப்பாயைப் போட்டு மூடினேன். சரசுவைத் திகாம் பத்துவிலிருக்கும் அவள் தையல் கடைக்கு என் காடியில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். அப்புறம் என் கண்ணில் புரை விழுந்தது. ஒரு எருமையை நான் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து ஹாரன் அடித்ததும், வீட்டில் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பஸ்ஸை நம்பிக் கடை நடத்த முடியுமா? சரசு யாரிடமும் சொல்லாமல் காடி ஓட்டப் பழக்கும் பள்ளிக்குப் போய், ஆட்டோமேட்டிக் கியர் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

உன் திவசத்துக்கு வந்த ஷாமினிக்கு அது பிடிக்கவில்லை.

"இந்த வயசுல காடிய எங்கயாச்சும் லோங்காங் சாக்கடைல விட்டீங்கன்னா யாரும்மா பாக்கறது? காடிய வித்துருவோம். கடைய மூடிட்டு ஜோகூருக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருங்க."

"அவன் இருக்கற மாடி உசரத்துல நான் என்ன பண்றது? மேகத்துக்கு ஓரம் அடிக்கவா?"

"மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் இரண்டு பேருக்கும் பயந்தவன். அதனால் கூரையைப் பார்த்தேன். கடைசியில் ஷாமினியே தீர்ப்பு சொன்னாள். நாளைக்குக் காலையில் கடை வரைக்கும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் அம்மாவுக்கு ஜோகூர் டிக்கெட்.

புது பேட்டரி போட்டு, முன்னும் பின்னும் புது லைசென்ஸ்காரர்களுக்கான 'பி' ஒட்டி, சரசு கிளம்பினாள். நான் இடது பக்கம். ஷாமினி பின்னால், முன்சீட்டைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்துக்கொண்டு. பெரிய ரோட்டில் ஆமை எங்களை முந்திக்கொண்டு போனது, அது வேறு விஷயம். வினை கடைச் சந்தில்தான் இருந்தது. ஒரு பக்கம் மூடியில்லாத லோங்காங். மறுபக்கம் காய்கறி இறக்கிக்கொண்டிருந்த லாரி. நடுவில் இருந்த இடத்தில் நான் சட்டையில்லாமல் போனால்கூட உரசும்.

"நிறுத்துங்கம்மா! மாமா இறங்கிக் கை காட்டட்டும்."

"உங்க மாமாவுக்கு லாரியே தெரியாது. சும்மா இரு."

சரசு முதுகை நிமிர்த்தி முன்னால் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன் மச்சான். பானெட்டின் இரண்டு ஓரத்திலும், நான் பல வருடமாகத் தவளைக் கண் என்று திட்டிய அந்த மேடு இரண்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் புரைக்கண்ணுக்கே தெளிவாக நின்றன. ஒன்று லோங்காங் ஓரத்தில், ஒன்று லாரிச் சக்கரத்தின் பக்கத்தில்.

"அவரு தெனமும் சொல்லுவாரு," என்றாள் சரசு, என்னிடமா காடியிடமா தெரியவில்லை. "மேடு ரெண்டும் நொழஞ்சா காடி நொழஞ்சிரும்."

துணியில் கோடு போட்ட இடத்தில் கத்தரி போவது போலத் தவளை போனது. லாரிக்காரப் பையன் வெங்காய மூட்டையை இறக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு பார்த்தான். கடை வாசலில் சரசு காடியை நிறுத்தி, கையை முந்தானையில் துடைத்தாள்.

ஷாமினி இறங்கி, காடியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பிறகு தம்பிக்குப் போன் போட்டாள். "அம்மா வரல. இங்கதான் இருப்பாங்க." கொஞ்சம் தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். காடி விற்கும் விளம்பரத்தை அன்றைக்கே எடுத்துவிட்டாள்.

அவள் திரும்பிப் போய், போன வாரம் குடும்பக் குழுவில் ஒரு படம் அனுப்பினாள். மூன்றாவது தலைமுறையாம். இனி பெட்ரோல் இல்லை, கரண்டில் ஓடும். கசக்கிய காகிதத்தைப் பிரித்து வைத்த மாதிரி உடம்பெல்லாம் மடிப்பும் மூலையுமாக இருக்கிறது. சாந்தமாகியிருந்த வண்டிக்கு மறுபடியும் கிறுக்குப் பிடித்திருக்கிறது. நீ பார்த்திருந்தால் சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறு தின்றிருக்க மாட்டாய்.

கோப்பிக் கடையில் அந்தப் படத்தைக் காட்டினேன். சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என்னண்ணே, ரோபோ மூஞ்சில ரோடு ரோலர் ஏறிட்டா?" என்றான் ஒருவன். நல்ல கிண்டல். எனக்கே தோன்றியிருக்க வேண்டியது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"டேய், வெளிய நின்னு பேசாத. உள்ள உக்காந்து பாத்தியா?"

அன்றைக்கு வெயில் இறங்கும்வரை அந்த வண்டிக்காக நான் வாதாடினேன், மச்சான். உன் பக்கம் பேச நான் இருக்கிறேன். என் பக்கம் பேசத்தான் இப்போது சரியான ஆள் இல்லை.