டாம்சினுக்கு ஏற்றாத ரத்தம்

சவுத்லாந்து, நியூசிலாந்து
ஆகஸ்ட் 2022

அன்புள்ள தங்கை ரேவினுக்கு,

அக்கா கிளெனிஸ் எழுதுவது. இங்கே மழை விடவில்லை. மாடுகள் கன்று ஈன்றுகொண்டிருக்கின்றன. நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அதனால் நீ சமைக்கும் சுரங்க முகாமுக்கு வேலைக்குத் திரும்பும் டெர்ரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் மகள் டாம்சினை அடக்கம் செய்தாயிற்று. நீ அனுப்பிய மலர்வளையம் வந்தது. தொழுவத்துக்குப் பின்னால் எறிந்துவிட்டேன்.

பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் கொட்டியபோது, வேறு ரத்தம் ஏற்ற ஒத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் கெஞ்சினார். கொரோனா தடுப்பூசி போட்டவர்கள் ரத்தத்தில் விஷம் கலந்திருக்கிறது என்று நீ மாதக்கணக்கில் அனுப்பிய வீடியோக்கள்தான் டாம்சின் வாயில் வந்தன. வேண்டவே வேண்டாம் என்றாள். ஊசியால் ரத்தம் கெடாது என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். மருமகன் கார்பின், "மருந்து போட்ட மாட்டுப் பால் ஒரு வாளி கலந்தாலே மொத்தத் தொட்டியும் போச்சு. பால்காரனுக்கே பாடம் எடுக்கிறீங்களா?" என்றான். ஊசி போடாத சிநேகிதர்களைச் சேற்று பூட்ஸோடு கூட்டி வந்து, ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையைச் சுருட்டி நிற்க வைத்தான். "கறந்த சூட்டோட ஊத்த இது என்ன பாலா?" என்று நர்ஸ் கத்தினாள். அதற்குள் என் பெண் போய்விட்டாள்.

குறைமாதப் பிள்ளை உயிரோடு இருக்கிறான். அவனுக்கும் ரத்தம் ஏற்ற வேண்டும். கார்பின் சம்மதிக்கவில்லை. டாக்டர்கள் நீதிமன்றம் போகிறார்கள். தீர்ப்பு வருமுன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவேன் என்கிறான். செய்வான். "ரேவின் சித்தி சொன்னா மட்டும் கேப்பேன்" என்கிறான்.

நேற்று டெர்ரி துக்கம் விசாரிக்க வந்தபோது உன் பேச்சு வந்தது. "ரேவின் அக்காவா? வேலை போயிடும்னு முதல் நாளே ஊசி போட்டுக்கிட்டாங்களே! சீக்கிரம் குத்துங்கப்பா, அடுப்புல சமையல் கிடக்குன்னு சிரிச்சாங்க" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அடிப்பாவி! நீ போட்டுக்கொண்டதைக் குறை சொல்லவில்லை. போட்டுக்கொண்டு குத்துக்கல்லாட்டம் இருக்கிறாயே, அதை என் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இப்போது கார்பினிடம் சொல். உன் கூட்டம் உன் முகத்தில் காறித் துப்பும். துடைத்துக்கொள்.

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீ பேசினால் வைப்போம். பேசாவிட்டால், நீ நூறு வயது வாழவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்வேன். ஒரு நோயும் இல்லாமல், ஒன்றும் மறக்காமல்.

உன் உடன்பிறந்தவள்,
கிளெனிஸ்