வீட்டுக்குள் வந்த நாற்றம் பிடித்த மோட்டார்

அன்பு மகன் ராபினுக்கு, புதுவாயலிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் இங்கே ஓரளவு சுகமாக இருக்கிறோம், அந்த துபாய் வெயிலில் நீயும் சுகமாக இருக்க தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். உன் தங்கை பிரின்சி முழுகாமல் இருக்கிறாள், மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் என்பதால் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று இங்கே வந்தாள். வந்தவளால் தங்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் போன் எப்போதும் உன் நைனா கையில்தான் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் பாழாய்ப் போன அந்த போட் மோட்டாரால்தான். காயலான் கடை ஆசீர்வாதம் பழவேற்காட்டில் எங்கேயோ சேற்றில் கிடந்ததை எடைக்கு வாங்கி வந்தார். கும்மிடிப்பூண்டி கம்பெனியை மூடியதிலிருந்து வீட்டில் சும்மா இருந்த உன் நைனா அதைப் பார்த்துவிட்டு உன்னிடம் சொன்னார். அங்கே போட் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற நீயோ, விட்றாதீங்க நைனா, அது அந்தக் காலத்து மாடலு, இங்க கண்ணாடிப் பொட்டியில வெச்சிக்கீறானுங்க என்று ஏற்றிவிட்டாய். அவரும் அதை வீட்டுக்கே வாங்கி வந்துவிட்டார். உனக்கென்ன, எனக்கு வந்து சேர்ந்தது நாற்றம்தான். மேல்மூடியைக் கழற்றிய அன்று உள்ளே சேறு, செத்த நண்டு, பல்லி முட்டை, ஒரு விலாங்கு வேறு மக்கி நூல் நூலாகக் கிடந்தது. சீ! அதை விரலால் வழித்தெடுத்து மோந்து வேறு பார்க்கிறார். அன்றிலிருந்து எனக்கு மீன் குழம்பு இறங்கவில்லை. பெட்ரோல் இறங்குகிற கார்புரேட்டரை என் இட்லிக் குண்டானில் போட்டுப் புளித்தண்ணீரில் வேகவைத்தார். ரேஷன் கடையில் நான் கால்கடுக்க நின்று வாங்கிய மண்ணெண்ணெய் எல்லாம் அந்தச் சனியனைக் குளிப்பாட்டத்தான். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர் கையைத் தூக்கி ஸ்தோத்திரம் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்துகிறார். பக்கத்து வீட்டு கங்கம்மா, இன்னாக்கா, ஊட்டுக்குள்ளயே கம்பெனி வெச்சிக்கினீங்களா என்று கேட்கிறாள். மசக்கைக்காரி பிரின்சி குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, மாமியார் வீடே தேவலை என்று கடம்பத்தூருக்குத் திரும்பிப் போய்விட்டாள். வாயும் வயிறுமாக வந்த பெண் இப்படிப் போகிறாளே என்றால், நம்ம ராபினு ஆசப்பட்டுக் கேட்டுக்கீறான் என்கிறார் அந்த மனுஷன்.

இதெல்லாம் கூடப் போகட்டும். போன புதன்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனவள் தலைவலி தாங்காமல் பாதியில் திரும்பினேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தால், தண்ணீர் டிரம்மில் மாட்டிய மோட்டார் ஒரே சீராக ஓடுகிறது, உன் நைனா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். விட்டது சனி, இனி வீடு வீடாக இருக்கும் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அவரோ மோட்டாரை நிறுத்தினார், ஸ்பானரை எடுத்தார், கார்புரேட்டரைக் கழற்றி மறுபடியும் மண்ணெண்ணெயில் போட்டார். வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டபோது, இன்னும் ஸ்டார்ட் ஆவலடா, பெட்ரோலு அடைக்குது என்று வாய் கூசாமல் சொன்னார். நீயும் அரைமணி நேரம் விளக்கம் கொடுத்தாய். போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். பெத்த புள்ளைகிட்ட இன்னாத்துக்கு இந்தப் பொய் என்றேன். ஓடுதுன்னு சொல்லிட்டா அப்பால இன்னாத்துக்குக் கூப்புடுவான் என்றார். மழைக்காலத்துக்கு முன்னாலேயே மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டதாம். வாரா வாரம் ஏதாவது ஒரு பாகத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உன் போனுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

எனக்கு அருவருப்பாக இருக்கிறது ராபின். இந்த வயதில் இப்படி ஒரு திருட்டுத்தனமா என்று அவர் மேலும், அவரை அதற்குக் கொண்டுவந்து விட்டாயே என்று உன் மேலும். மோட்டார் வருவதற்கு முன் நீ எப்போது பேசினாய்? பணம் வந்துச்சா என்று கேட்டுப் போனை வைத்துவிடுவாய். கம்பெனி மூடினபோதுகூட மனசு எப்படி இருக்கு என்று அவரை நீ கேட்கவில்லை. அந்த மோட்டார்ப் புகை அவர் நெஞ்சில் இறங்கி இப்போது இருமல் வேறு. உன்னோடு பேசும்போது இருமல் வந்தால் போனைக் கையால் பொத்திக்கொள்கிறார், அது உனக்கு எங்கே தெரியப்போகிறது?

அம்மா திட்டிவிட்டாளே என்று சாப்பிடாமல் கிடக்காதே. ஓட்டலில் எண்ணெய்ப் பண்டம் தின்னாதே, வேலைக்குப் போகுமுன் ஒரு வார்த்தையாவது ஜெபம் பண்ணு. ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் குறையில்லாமல் கொடுக்கட்டும். நான் எழுதியது உன் நைனாவுக்குத் தெரியவேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை மோட்டாரைப் பற்றி வாயைத் திறக்காதே. உடம்பு எப்படி இருக்கு, ராத்திரி தூங்கினீங்களா என்று கேள். அவருக்குப் பழக்கமில்லை, என்ன சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா கன்னியம்மா பாக்கியநாதன்