வெண்முகிலின் முதுகில் ஏற வேண்டியவர்

திருவும் திறலும் நிலைபெறுக. ஏழு ஊற்றுக்கும் உரியவரும், பகைவர் கோட்டையை மூன்று முறை முற்றுகையிட்டு ஒருமுறை வென்றவரும், வாகைமாநகரத்து அரியணையில் பதினெட்டாம் ஆண்டு வீற்றிருப்பவருமாகிய கல்லூற்று நாட்டு மன்னர் செங்கதிர்வேள் திருவுளப்படி, அவர் மொழிந்ததை ஓலையில் ஏற்றும் கடமை பூண்ட ஓலைநாயகம் அறையூர் நம்பிகண்டன், நெடுவேலிக்களத்துக் காவலுடைய ஓரியம்மையாருக்கு விடுக்கும் ஓலை. அம்மையாரின் களம் செழிக்க. களத்துப் பதினாறு வேலிகளும் பசுமை குன்றாது நிற்க. கடைசி வேலிக்கு அப்பால் உள்ள ஓடையில் இவ்வாண்டாவது ஒருவரும் விழுந்து மீன்களை வருத்தாதிருக்க.

வளர்பிறைப் பத்தாம் நாள் காலை கொற்றவை திருமுன் தொடங்கும் பெருவேலி ஓட்டத்தில், மூன்று காதம் ஓடிப் பதினாறு வேலி தாண்ட வருபவை நான்கு குதிரைகள். அவற்றின் தகுதியையும், அவற்றின் மேல் ஏறுவோர் பெயரையும் களத்துக்கு முன்னதாக அறிவிப்பது வழக்கம். இவ்வாண்டு ஏறுவோரில் ஒருவர் பெயர் மாறியிருக்கிறது. ஏன் மாறியது என்று அம்மையார் கேட்பதற்கு முன்பே எழுதிவிடுவது முறை. எழுதுவதில் ஓலைநாயகத்துக்கு யாதொரு வருத்தமும் இல்லை.

நம் நாட்டு மரபை அம்மையார் அறிவார். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நோட்டமிட்டு, முதலில் வரத் தக்கது இன்னது என்று அவையில் ஒருவர் உரைக்க வேண்டும். அவ்வாறு உரைக்கப்பட்ட குதிரை நெற்றியில் பொற்பட்டம் கட்டிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னே செல்லும். அந்த நோட்டம் எவருடையதோ அவரே அக்குதிரையின் மேல் ஏறி ஓட்டத்திலும் ஓட வேண்டும். பிறர் கழுத்தைப் பணயம் வைத்துப் புகழ்வது எளிது என்பதை நன்கு அறிந்த முன்னோர் ஒருவர் இதைக் கல்லில் வெட்டி வைத்தார். அவர் எந்தக் குதிரையிலிருந்து விழுந்தபின் வெட்டினார் என்பது கல்லில் இல்லை.

முப்பத்தோர் ஆண்டாக அரண்மனைப் பரிநோட்டராக இருக்கும் தாழியூர் எயினனார் இம்மரபுக்கு என்றும் அஞ்சியவர் அல்லர். தம் முறை வந்த ஒன்பது ஆண்டிலும் நோட்டம் உரைத்து, ஒன்பது முறையும் தாமே ஏறி, ஆறு முறை வென்றவர். இப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. இடது முழங்கால் மழைக்காலத்தில் அவர் சொல் கேட்பதில்லை. ஆயினும் இவ்வாண்டும் இருபது நாள் களத்திலே கிடந்து, நான்கு குதிரைகளையும் ஓடவிட்டும் தாண்டவிட்டும் பார்த்து, தம் கைப்பட ஓர் ஓலை எழுதினார். அவ்வோலை அவையில் படிக்கப்படவில்லை. களத்துக்குப் பயன்படும் என்பதால் அதன் சாரம் இங்கே தரப்படுகிறது.

துறைமுக வணிகர் குழுவின் கருங்குதிரையாகிய கடற்காற்று, கப்பலேறி வந்தது. அப்பெருமையை அது இன்னும் மறக்கவில்லை. முதல் காதத்தில் அதை வெல்லக் குதிரை பிறக்கவில்லை என்பது உண்மை. முதல் காதம் முடிந்ததும் ஓட்டமே முடிந்தது என்று தானே தீர்மானித்து, மாலைக்காகக் கழுத்தை நீட்டி நின்றுவிடுகிறது என்பதும் உண்மை. மீதி இரண்டு காதம் உண்டென்று அதற்கு எடுத்துரைக்க வணிகர்கள் நான்கு மொழிகளில் முயன்று தோற்றார்கள்.

கொற்றவை கோயில் அறங்காவலர் பதினேழு பேருக்கும் பொதுவான பொற்சிலம்பு, கால் வலியது, நெஞ்சு அகன்றது, குற்றம் சொல்ல இடமில்லாத குதிரை. குற்றமெல்லாம் அந்தப் பதினேழு பேரிடமே இருக்கிறது. ஒருவர் கொள்ளு வைக்கச் சொன்னால் மற்றவர் புல் வைக்கச் சொல்கிறார். காலையில் இடக்காலை முன்வைக்கப் பழக்கினால் மாலையில் வலக்காலை முன்வைக்கப் பழக்குகிறார்கள். அக்குதிரை இப்போது ஒவ்வொரு வேலிக்கு முன்பும் நின்று, அடுத்த கட்டளை வருகிறதா என்று திரும்பிப் பார்க்கிறது.

மலையடிவார உப்பு வணிகர் தலைவி மாரிச்சியின் பெண்குதிரைக்குச் சாணிக்கால் என்று பெயர். பார்ப்பதற்குப் பெயருக்கு ஏற்றபடியே இருக்கும். உயரம் குறைவு, காது ஒன்று கிழிந்தது, வால் கழுதைக்கு உரியது. ஆனால் ஆறு ஆண்டாக, காவலர் கண் அயரும் போதெல்லாம் ஊரார் தினைப்புனங்களின் வேலியைத் தாண்டி உள்ளே போய்த் தின்றுவிட்டு, கவண்கல் பறக்கும் போது அதே வேலியைத் தாண்டி வெளியே வந்து பழகிய குதிரை அது. போகும்போது வெறும் வயிறு, வரும்போது நிறைந்த வயிறு. இரண்டு நிலையிலும் ஒரு முள்ளும் அதன்மேல் பட்டதில்லை. உப்பு மூட்டையோடு மலையேறும் மூச்சு அதற்கு உண்டு. எயினனார் அதை முதலாவதாக எழுதினார்.

இனி, மன்னரின் மைத்துனரும், அரசியின் உடன்பிறந்தவரும், எந்தப் போரிலும் காயம் படாத காரணத்தால் தம்மை வெல்லற்கரியவர் என்று அழைத்துக்கொள்பவருமாகிய விடங்கராயரின் வெண்முகில். பால் நிறம், பட்டு மயிர். இலாயத்தில் மூன்று பக்கமும் நிலைக்கண்ணாடி. பாதாமும் நெய்யும் உண்டு, பன்னீரில் குளித்து, நடக்கும் போது கழுத்தை வளைத்துத் தன் அழகைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்குக் குறை ஒன்றே ஒன்று. வேலியைக் கண்டால் அது தாண்டுவதில்லை, தின்னத் தொடங்குகிறது. முழு வேகத்தில் வந்து, வேலியருகே நான்கு காலையும் ஊன்றி, தலை குனிந்து, தழையில் வாயை வைத்துவிடுகிறது. இருபது நாளில் மூன்று வீரர்கள் அதன் மேல் ஏறினார்கள். மூவரும் முதல் வேலியைத் தாண்டினார்கள், குதிரை தாண்டவில்லை. ஒருவருக்குத் தோள் எலும்பு இன்னும் சேரவில்லை. எயினனார் அதைக் கடைசியாக எழுதி, இதை ஓட்டத்துக்கு விடுவதைவிட வேலி வெட்டும் வேலைக்கு விடலாம் என்றும் சேர்த்திருந்தார். அந்தக் கடைசி வரியை அவர் தவிர்த்திருக்கலாம்.

இச்செய்தி விடங்கராயர் காதுக்கு எட்டியது. அவர் எயினனாரைத் தம் மாளிகைக்கு அழைத்தார். அங்கே இன்னோர் ஓலை எழுதி ஆயத்தமாக இருந்தது. அதில் வெண்முகில் முதலாவது. அதன் கழுத்துக்கு மட்டும் பதினொரு வரிகள். சாணிக்காலின் பெயர்கூட இல்லை, மலைநாட்டுக் குட்டை மட்டக்குதிரை என்று மட்டும் இருந்தது. நோட்டரின் முத்திரையை இதில் இடுக என்றும், இடாவிடில் அன்று மாலையே பதவி பறிபோகும், எஞ்சிய நாளெல்லாம் உப்பங்கழியில் பொதிக்கழுதைகளுக்கு லாடம் பார்த்துக் கிடக்கலாம் என்றும் விடங்கராயர் உரைத்தார்.

அவ்வாறாயின் வெண்முகிலின் மேல் ஏற வேண்டியவன் முத்திரை இடும் தானே அல்லவா என்று எயினனார் கேட்டார். ஆம் என்றும், ஊர்வலத்தில் பொற்பட்டம் தம் குதிரைக்கு வந்தால் போதும் என்றும், ஓட்டத்தில் தோற்றால் கிழவன் ஓட்டத் தெரியாமல் ஓட்டினான் என்று ஊர் பேசிக்கொள்ளும் என்றும், அதனால் தமக்கு இழுக்கு ஏதும் இல்லை என்றும் விடங்கராயர் தெளிவாகவே விடை தந்தார். மறைத்துப் பேசும் அளவுக்குக் கிழவரை அவர் மதிக்கவில்லை.

எயினனார் அஞ்சினார். அஞ்சியதைப் பின்னர் அவர் மன்னரிடமும் மறைக்கவில்லை. ஒருபுறம் முப்பத்தோர் ஆண்டுப் பணி, மறுபுறம் கழுத்து. அறுபத்திரண்டு வயதில், வளையாத முழங்காலோடு, முழு வேகத்தில் வேலிக்கு மேல் தனியே பறந்து போனால் எப்படி விழுவோம் என்பதைக் குதிரைகளோடு வாழ்ந்த அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? முத்திரையை இட்டார். வீடு சென்று, மனைவியாரிடம் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சச் சொன்னார். எவ்வளவு என்று மனைவியார் கேட்க, ஒரு குடம் நிறைய என்றார். பிறகு தம் பழைய சேணம் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லி வைத்தார். அதைக் கேட்டபின் அந்த வீட்டில் எவரும் உண்ணவில்லை.

மறுநாள் அவையில் அந்த ஓலை படிக்கப்பட்டது. மன்னர் குதிரையை அறியாதவர் அல்லர். ஆயினும் அழகிய சொல்லைக் கேட்டால் குதிரையை மறந்துவிடுவார். கழுத்தைப் பற்றிய பதினொரு வரிகளையும் இரண்டாம் முறை படிக்கச் சொல்லி, எயினனாருக்குள் இத்தனை காலமும் இப்படி ஒரு புலமை ஒளிந்திருந்ததா என்று வியந்து, தம் தோளில் கிடந்த பட்டாடையை எடுத்து அவருக்குப் போர்த்தப் போனார். எயினனார் தலை நிமிரவில்லை.

விடங்கராயரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. எழுந்தார். அவ்வோலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தம்முடையது என்றும், சொல்லும் தமது, தீர்ப்பும் தமது என்றும், குதிரையைப் பார்க்கும் கண் அந்த அவையில் தம் ஒருவருக்கே உண்டு என்றும், கிழவர் செய்ததெல்லாம் முத்திரையை அழுத்தியது மட்டுமே என்றும் முழங்கினார். ஐயம் உள்ளவர் கேட்கலாம் என்று சொல்லி, ஓலையைப் பாராமலே பதினொரு வரிகளையும் ஒப்பித்தார். அவையோர் கைதட்டியதால் மீண்டும் ஒருமுறை ஒப்பித்தார்.

ஓலைநாயகம் நம்பிகண்டன் அப்போதுதான் தம் இருக்கையிலிருந்து எழுந்து, இத்தகைய பெருமை பிற்காலத்தில் வேறொருவர் பெயருக்குப் போய்விடலாகாது என்று தாம் கவலைப்படுவதாகவும், கொற்றவையின் வாள்மேல் கைவைத்து நோட்டம் தமதே என்று ராயர் ஒரு வாக்கு உரைத்தால் ஆவணத்தில் ஏற்றிவிடலாம் என்றும் பணிவுடன் விண்ணப்பித்தார். விடங்கராயர் மகிழ்ந்தார். வாள் வந்தது. கை வைத்தார். உரக்கவே உரைத்தார். அதன் பின்னர், முன்னோர் வெட்டிய கல்லின் வாசகத்தை ஓலைநாயகம் அவைக்கு ஒருமுறை நினைவூட்டினார்.

அவையோர் கண்கள் அனைத்தும் விடங்கராயர் பக்கம் திரும்பின. எயினனார் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தது.

விடங்கராயருக்கு அந்த நொடியே இடுப்பில் வாயு பிடித்துக்கொண்டது. அடுத்த நொடி பத்தாம் நாள் தம் நட்சத்திரத்துக்கு ஆகாது என்று தெரியவந்தது. நோட்டத்தைத் திருத்தித் தரவும் ஒப்பினார்; ஆனால் அவையில் படித்த நோட்டத்தைத் திருத்த மரபில் இடமில்லை. அரசியார் காப்பாற்றுவார் என்று நிமிர்ந்து பார்த்தார். தம் தம்பி ஏழு வயது முதல் தன்னைப் போல் குதிரையேறுபவன் இந்நாட்டில் இல்லையென்று நாள்தோறும் சொல்லக் கேட்டிருப்பதாகவும், இதுவரை காணும் பேறு வாய்க்கவில்லை என்றும், பத்தாம் நாள் முன்வரிசையில் தமக்கு ஆசனம் இடப்படட்டும் என்றும் அரசியார் அருளிச் செய்தார். அஞ்சி முத்திரை இட்ட குற்றத்துக்கு, மறைத்த உண்மை ஓலையைப் பரிநோட்டர் தம் வாயாலேயே அவையில் உரைக்க வேண்டும் என்று மன்னர் தண்டம் விதித்தார். வேலி வெட்டும் வேலை பற்றிய வரியை எயினனார் விழுங்கப் பார்த்தார். மன்னர் அதையும் சொல்லச் செய்தார்.

ஆகவே, களக்காவலுடைய அம்மையாருக்கு இடப்படும் ஆணை இது. வெண்முகிலின் மேல் விடங்கராயர் ஏறுவார். சாணிக்காலின் மேல் மாரிச்சியே ஏறுவாள். பொற்பட்டம் கட்டாத குதிரைக்கு நோட்டரின் பாரம் தேவையில்லை. வேலிகளை இரண்டு சாண் குறைக்குமாறு கேட்க ராயரின் ஆள்கள் மூவர் அங்கு வந்திருப்பதாகக் கேள்வி. ஒரு விரற்கடையும் குறைக்கலாகாது, பகை கருதி ஒரு விரற்கடை கூட்டவும் ஆகாது. வேலித் தழையில் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்றும் அவர்கள் வேண்டலாம். வெண்முகிலின் உணவைக் கெடுக்க இவ்வரசு இசையவில்லை. முதல் வேலிக்கு அப்பால் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி வைக்கவும். இது ஏளனம் அன்று, இரக்கம். அரசியாரும் அறிந்தே அனுப்புகிறார்.

அந்த வைக்கோலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி இடவும். பரிநோட்டர் எயினனார் அங்கே அமர்ந்து ஓட்டத்தைக் காண விரும்பி விண்ணப்பித்தார், மன்னர் இசைந்தார். தம் முழங்காலுக்கென்று காய்ச்சிய எண்ணெய்க் குடம் இன்னும் திறவாமல் வீட்டில் இருக்கிறதாம். குதிரை இல்லாமல் அவ்வழி வருபவருக்கு உதவும் என்று கையோடு கொண்டு வருகிறார்.

இவ்வாணை வாகைமாநகரத்து ஓலை மண்டபத்தில், வளர்பிறைத் திருதியையன்று, ஊற்று முத்திரை இட்டு விடுக்கப்பட்டது. கண்டவர் பணிக, பணிந்தவர் வாழ்க, வேலிகள் நிற்க.